மூன்று வருடத்தில் எட்டு அபாயா: உடுத்தித் துவைத்துப் பார்த்த பிறகு எழுதுவது

மூன்று வருடத்தில் எட்டு அபாயா, அதாவது வெளியே போகும்போது உடைக்கு மேல் போடும் நீளமான அங்கி, வாங்கியும் தைத்தும் இருக்கிறேன். அதில் ஐந்து இன்னும் என் அலமாரியில் தொங்குகின்றன. ஒன்று சாயம் போய் வீணானது. ஒன்றை ராத்தா (அக்கா) ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டார். இன்னொன்று உம்மாவிடம் (அம்மாவிடம்) இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கடைப் பெயர்களை எழுதப்போவதில்லை. ஒரே கடையில் வாங்கிய இரண்டில் ஒன்று உழைத்தது, மற்றது ஆறு மாதத்தில் தேய்ந்தது. அதனால் துணி, தையல், அளவு, எந்த இடத்துக்கு எது ஒத்துவந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் என் தேர்வு எல்லாமே. மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். நாளுக்கு ஐந்து பாடவேளை கரும்பலகை முன்னால் கை தூக்கி எழுத வேண்டும். நண்பகல் லுஹர் தொழுகை பள்ளிக்கூடத்திலேயே. போவதும் வருவதும் வண்டியில். உயரம் 5 அடி 3 அங்குலம். இந்த உடம்புக்கும் இந்த நாளுக்கும் பொருந்தியது என்ன என்பதே இந்த விமர்சனம்.

கண்ணாடி முன்னால் நேராக நின்று, "நல்லா இருக்கே" என்று வாங்கிய எதுவும் எனக்கு நிலைக்கவில்லை. கை தூக்கிப் பார்த்து, குனிந்து பார்த்து, தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்து வாங்கியவைதான் இன்னும் இருக்கின்றன. கடையில் அப்படிச் செய்யக் கூச்சமாகத்தான் இருக்கும். உடை மாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொழுகையில் குனிவது போல ஒரு ருகூவு, நெற்றியைத் தரையில் வைப்பது போல ஒரு ஸஜ்தா செய்து பார்த்துவிடுங்கள். கை குட்டையா, கழுத்து இறங்குகிறதா, பின்பக்கம் இழுக்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என் உம்மும்மா (பாட்டி) வெள்ளைத் துப்பட்டிதான் போட்டார். சேலைக்கு மேல் தலையிலிருந்து ஒரே பெரிய துணி. கையால் பிடித்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். கூடவே பையும் பிள்ளையும் இருந்தால் எவ்வளவு சிரமம் என்று சிறு வயதில் அவருடன் நடந்தே பார்த்திருக்கிறேன். கை வைத்துத் தைத்த அபாயா வந்த பிறகு நமக்கு இரண்டு கையும் கிடைத்தன. அதனாலேயே கை சரியில்லாத அபாயாவை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

சரி, துணிகளுக்கு வருகிறேன்.

தினமும் போடுவது நிதா துணியில் தைத்த மூடிய அபாயா. இரண்டு இருக்கின்றன, ஒன்று கறுப்பு, ஒன்று காப்பிக்கொட்டை நிறம். நிதா என்பது பாலியெஸ்டர்தான். பெயரைக் கேட்டு ஏதோ தனி நூல் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நல்ல நிதா கையில் எடுத்தாலே தெரியும்: பளபளப்பு இருக்காது, மாவு தொட்ட மாதிரி மிருதுவாக இருக்கும், கசக்கிப் பிடித்து விட்டால் சுருக்கம் தங்காது. ஜப்பானிலும் கொரியாவிலும் நெய்து வருவதற்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரை எந்தத் துணியின் மீதும் ஒட்டி விற்கலாம் என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் கறுப்பு நிதா ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் உழைக்கிறது. தையல் ஓரிடத்திலும் விடவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே நின்றாலும் உள்ளே போட்டிருப்பது தெரியாது. காலையில் உடுத்தும்போது இருந்த மாதிரியே மாலையில் வீடு திரும்பும்போதும் இருக்கும், இஸ்திரி போட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் குறை வெயில். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. கறுப்பும் சேர்ந்தால் நண்பகலில் முதுகு நனைந்துவிடுகிறது. உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்ட பிறகுதான் எனக்குத் தாங்க முடிந்தது. குளிர்சாதன அறையிலும் ஈரமில்லாத காற்றிலும் இது உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்கும். நடக்கும்போது கால் வடிவம் தெரிவது எனக்குப் பிடிக்காத விஷயம். கடைசி அலசலில் துணி மிருதுவாக்கும் திரவம் கொஞ்சம் விட்டால் அது பெரும்பாலும் போய்விடுகிறது. உள்ளே பருத்திப் பாவாடை போட்டாலும் சரியாகிவிடும்.

காப்பிக்கொட்டை நிறத்தை வாங்கியது சாக்பீஸ் தூளுக்காக. கறுப்பில் இடுப்பு உயரத்தில் வெள்ளைக் கோடு விழுந்து நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பேன். இதில் அந்தத் தொல்லை குறைவு. அபாயா என்றால் கறுப்பு என்று நம்மில் பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. அது வளைகுடா நாடுகளின் வழக்கத்திலிருந்து வந்தது. இந்த நிறம்தான் என்று மார்க்கத்தில் எங்கும் கட்டாயம் கிடையாது. தளர்வாக இருக்க வேண்டும், உடல் தெரியக்கூடாது, உடையே ஓர் அலங்காரமாகிப் பிறர் கண்ணை இழுக்கக்கூடாது. இவ்வளவையும் காப்பிக்கொட்டை நிறத்தில் செய்ய முடியும். முதல் நாள் போட்டுக்கொண்டு போனபோது ஒரு சக ஆசிரியை, "என்ன டீச்சர், கறுப்பை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். மறுவாரம் அதே நிறம் எங்கே கிடைக்கும் என்றும் அவரே கேட்டார்.

இந்த இரண்டிலும் நான் பார்த்துப் பார்த்து எடுத்தது கை. கரும்பலகையின் மேல் மூலையில் எழுதும்போது அகலமான கை சரிந்து முழங்கை வரை வந்துவிடும். மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்த கை அங்கேயே நிற்கும். தொழுகைக்கு முன் கழுவி ஒளுச் செய்யும்போது முழங்கைக்கு மேல் ஏற்ற வேண்டும், அதற்கும் எலாஸ்டிக் வசதி. ஏற்றிய இடத்தில் நின்றுகொள்ளும், தண்ணீர் வழிந்து துணி நனையாது. பட்டன் வைத்த குறுகிய கை பார்க்க அழகு, ஆனால் ஈரக் கையோடு அந்தச் சின்னப் பட்டனைப் போட்டுக் கழற்றுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். கைக்குழியும் முக்கியம். அது இறுக்கமாக இருந்தால் கை தூக்கும்போது மொத்த அபாயாவும் மேலே ஏறும், கணுக்கால் தெரியும். வாங்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கீழ் விளிம்பு எவ்வளவு ஏறுகிறது என்று கவனியுங்கள்.

வீணான அந்த ஒன்றின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் "அசல் நிதா" என்று போட்டிருந்ததைப் படம் பார்த்து வாங்கினேன். வந்தது கடினமான, பளபளக்கும் துணி. இருந்தாலும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று துவைத்தேன், வாளித் தண்ணீர் மை மாதிரி ஆனது. மூன்று முறை அலசியும் நிற்கவில்லை. போட்டுக்கொண்டு போன அன்று வியர்வையில் கழுத்தெல்லாம் கறுப்பு, உள்சட்டையும் போச்சு. துவைத்த துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று விற்றவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எந்த அபாயா வந்தாலும் முதல் வேலை, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்பக்க மடிப்பில் பத்து முறை அழுத்தித் தேய்ப்பது. கைக்குட்டையில் நிறம் ஏறினால் துவைக்காமல், சீட்டைக் கிழிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இணையத்தில் தேடும்போது பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஜில்பாப் என்று தேடினால் அரபு நாட்டுக் கடைகளில் மேலிருந்து கீழ் வரை மூடும் வெளியுடை வரும். இந்தோனேசியக் கடைகளில் அதே சொல்லுக்குத் தலைத்துணி மட்டும் வரும். குர்ஆனில் 33:59 வசனத்தில் வருவது முதலில் சொன்ன ஜில்பாப், 24:31 வசனத்தில் நெஞ்சின் மீது போட்டுக்கொள்ளச் சொல்வது கிமார். தலையையும் நெஞ்சையும் மூட நாம் மக்கனா என்று சொல்லும் துணியைக் கிமார் என்று தேடினால் சரியாகக் கிடைக்கும். நெஞ்சு மறைய வேண்டும் என்றால் அதன் நீளத்தையும் பார்த்து வாங்குங்கள், படத்தில் எல்லாமே நீளமாகத்தான் தெரியும்.

முன்பக்கம் திறந்த அபாயா ஒன்று இருக்கிறது, கிரேப் துணி, கருநீலம். வங்கி, மருத்துவமனை, பெற்றோர் கூட்டம் போன்ற வேலைகளுக்கு. கிரேப் நிதாவைவிடக் கனம், தொட்டால் லேசான சொரசொரப்பு, விழுந்து நிற்கும் அழகே தனி. உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் பிதுங்குவதில்லை. ஆனால் வாங்கியபோது இடுப்புக்கு மேலே மூன்று பிரஸ் பட்டன் மட்டுமே இருந்தன. காற்றடித்தால் கீழே இரண்டு கதவு மாதிரி திறந்துகொள்ளும். முதல் வாரம் ஒரு கையால் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். உம்மும்மாவின் துப்பட்டியைப் பிடித்த அதே கை. பிறகு ஒரு சாண் இடைவெளியில் முழங்கால் வரைக்கும் நானே பிரஸ் பட்டன் தைத்தேன். ஒரு சாயங்காலம் வேலை, அவ்வளவுதான். இப்போது இது எனக்குப் பிடித்த உடைகளில் ஒன்று. கடையில் வாங்கியபடியே போடுவதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே முழு நீள உடை போடுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். திறந்த அபாயாவின் முனையும் நீளமான மக்கனாவின் முனையும் சக்கரத்துக்குள் போகக்கூடியவை. கழுத்தைச் சுற்றிய துணி சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பக்கத் துணியையும் இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்ட பிறகே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். மக்கனா முனையை அபாயாவுக்குள் செருகிவிடுங்கள். அகலமான கை உள்ள அபாயாவைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு எடுத்ததுதான் ராத்தாவிடம் போனது. சிஃபான் மேல்துணி, உள்ளே லைனிங், இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி விரியும் கை, ஓரமெல்லாம் கல். ஃபராஷா என்று பெயர், அரபியில் பட்டாம்பூச்சி என்றே பொருள். கடையில் கை விரித்து நின்றபோது மனது நிறைந்துபோனது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் நிக்காஹ் வீட்டில் அந்தக் கை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றின் மீதும் படிந்தது. குழந்தையைத் தூக்கினால் அதன் கன்னத்தில் கல் உரசியது. அஸருக்கு ஒளுச் செய்யக் கையை ஏற்ற முடியாமல் இரண்டு ஊசி குத்தி நிறுத்த வேண்டியிருந்தது. முதல் முறை துவைத்ததும் பதினைந்து கல்லாவது வாளியில் கிடந்தன. எல்லாமே பசையில் ஒட்டியவை. கல் வைத்த துணியைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் நூல் தெரிந்தால் தைத்தது, சுத்தமாக இருந்தால் ஒட்டியது. கடைக்காரர் எதைச் சொன்னாலும் துணியின் பின்பக்கம் உண்மையைக் காட்டிவிடும்.

கல் உதிர்ந்ததைவிட எனக்கு உறுத்தியது வேறு. அலங்காரத்தை மறைப்பதற்கென்று போடும் உடையே மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அலங்காரமாகிவிட்டால் அதை ஏன் போட வேண்டும்? ராத்தா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பெண்கள் மட்டும் இருக்கிற இடத்துல போட்டா என்ன?" என்றார். அது சரியான பேச்சு. பெண்கள் பகுதிக்குள் நுழைந்த பிறகு போடலாம். ஆனால் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் வரை தெருவில் அதைத்தானே போட்டிருக்கிறோம்? அவரும் யோசித்துவிட்டு, அதற்கு மேலே போட ஒரு சாதாரணக் கறுப்பு வைத்துக்கொண்டார். எனக்கு அந்த இரட்டை வேலை ஒத்துவராது. அதனால் கல்யாணத்துக்கு இப்போது நான் போடுவது ஆழ்ந்த நாவற்பழ நிறத்தில் ஒரு வேலைப்பாடும் இல்லாத அபாயா. துணி உயர்ந்தது, தையல் நேர்த்தி, கீழ் விளிம்பு கையால் மடித்துத் தைத்தது. மணிக்கட்டுப் பட்டியில் மட்டும் அதே நிற நூலில் மூன்று வரி. கிட்டே வந்தால்தான் தெரியும். பெருநாளைக்கும் இதையே போடுகிறேன். நான்கு கல்யாணம் பார்த்துவிட்டது.

மவ்த்து (சாவு) வீட்டுக்கு எதைப் போடுவது என்று யோசிக்கவே கூடாது, அதற்கு நேரம் இருக்காது. பள்ளிக்கூடத்துக்குப் போடும் அதே கறுப்பு நிதா. போடாத நாளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் துவைத்துத் தயாராகத் தொங்கும்.

தொழுகைக்கென்று தனி உடையும் வாங்கினேன். எட்டில் சேர்த்தி இல்லை, இது அபாயா அல்ல. இந்தோனேசியாவில் முக்கெனா என்றும் மலேசியாவில் தெலெக்கோங் என்றும் சொல்கிறார்கள். மேலே முகத்தைச் சுற்றி எலாஸ்டிக் வைத்து இடுப்புக்குக் கீழே வரை தொங்கும் ஒரு துணி, கீழே பாவாடை, இரண்டும் பருத்தி. வீட்டில் என்ன போட்டிருந்தாலும் அதற்கு மேல் மாட்டிக்கொண்டு தொழலாம். ஸஜ்தாவில் கழுத்துப் பக்கம் விலகாது, முடி வெளியே வராது, மனது தொழுகையில் நிற்கும். குறை என்றால் வெள்ளை நிறம். ஜன்னலுக்கு முன்னால் நின்றபோது உள்ளே போட்ட உடையின் பூப்போட்ட வடிவமே தெரிந்தது. உங்கள் உள்ளங்கையைத் துணிக்குப் பின்னால் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், விரல்களை எண்ண முடிந்தால் அந்தத் துணி தொழுகைக்குப் போதாது. அடுத்து வாங்கும்போது வெளிர் நிறமானாலும் அடர்த்தியான துணியாக எடுப்பேன்.

பாதம் பற்றி ஒன்று. ஷாஃபி என்ற மத்ஹபில், அதாவது மார்க்கச் சட்ட வழியில், தொழுகையில் பெண்ணின் பாதமும் மறைந்திருக்க வேண்டும். ஹனஃபியில் பாதத்துக்குச் சலுகை உண்டு. நாங்கள் ஷாஃபி. அதனால் தொழுகைக்கு அபாயா நீளமாக இருந்தால் நல்லது, நடக்க நீளமாக இருந்தால் ஆபத்து. இந்த இழுபறிக்கு நான் கண்ட வழி காலுறை. அளவை நடைக்குத் தகுந்தபடி எடுத்துவிட்டு, பையில் எப்போதும் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்கிறேன்.

அளவு என்றதும் சொல்ல வேண்டியது, அபாயாவில் போடும் 52, 54, 56, 58 என்ற எண்கள் அங்குலத்தில் நீளம். தோளின் உச்சியிலிருந்து கீழ் விளிம்பு வரை. மார்பளவு அல்ல. நான் பல நாள் இதைச் சட்டை அளவு மாதிரி நினைத்து, உடம்பு பெருத்தால் எண்ணைக் கூட்டினேன், நீளம் தரையில் புரண்டது. என் 5 அடி 3 அங்குலத்துக்கு 54 சரி, செருப்பு தட்டையாக இருந்தால். உயரச் செருப்பு போடுபவர்களுக்கு 56 வேண்டியிருக்கும். மார்புச் சுற்றளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒன்று இருந்தால் அதைத் தரையில் விரித்து டேப்பால் அளந்து அந்த எண்ணைக் கொடுப்பதே பிழையில்லாத வழி. குடை மாதிரி விரியும் வெட்டாக இருந்தால் பக்கவாட்டில் விளிம்பு கொஞ்சம் தாழ்ந்து தொங்கும். அதற்கு ஒரு அங்குலம் குறைத்தே எடுக்க வேண்டும்.

நடை என்றால் மக்காவுக்குப் போகும் உம்ராவைவிடப் பெரிய பரீட்சை இல்லை. போன வருடம் போனேன். கிளம்புவதற்கு முன் எத்தனையோ பேர் வெள்ளை அபாயா வாங்கச் சொன்னார்கள். உம்ராவுக்கான இஹ்ராம் நிலையில் தைக்காத இரண்டு துணி ஆண்களுக்குத்தான். பெண்ணுக்குத் தனி நிறமும் தனி உடையும் கிடையாது, அவள் உடுத்தும் சாதாரணக் கண்ணியமான உடையே போதும். இஹ்ராமில் இருக்கும்போது முகத்திரையான நிகாபும் கையுறையும் போடக்கூடாது என்பதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். வெள்ளை போட்டால் தவறில்லை. ஆனால் அவ்வளவு கூட்டத்தில் அழுக்குப் படுவதும், வியர்வையில் நனைந்தால் உள்ளே தெரிவதும் எனக்குச் சரிப்படவில்லை. சாம்பல் நிறத்தில், விஸ்கோஸ் கலந்த துணியில், 52 அளவில் ஒன்று தைக்கக் கொடுத்தேன். வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் குட்டை.

அந்த இரண்டு அங்குலம் என்னைக் காப்பாற்றியது. கஅபாவைச் சுற்றும் தவாஃபில் ஏழு சுற்று, பின்னால் வருபவரின் கால் நம் விளிம்பில் படாமல் இருக்கவே இருக்காது. என் பக்கத்தில் நடந்த ஒரு பெண்ணின் அபாயாவை யாரோ மிதித்து, அவர் முன்னால் இருந்தவர் முதுகில் போய் விழுந்தார். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஒரு நடை ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு நடைக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இவ்வளவு தூரம் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் துஆவில் (வேண்டுதலில்) மனது நிற்காது. விஸ்கோஸ் வியர்வையை உறிஞ்சிக்கொண்டது, தொடைக்கு நடுவே ஒட்டவில்லை. காலுறை போட்டிருந்ததால் கணுக்காலைப் பற்றியும் கவலை இல்லை. உள்பக்கம் ஜிப் வைத்த பை ஒன்று தைக்கச் சொல்லியிருந்தேன், அறைச் சாவியும் தொலைபேசியும் அதற்குள். தோளில் பை தொங்கவிடாமல் போனது பெரிய நிம்மதி.

விஸ்கோஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். பயங்கரமாகக் கசங்கும். முதல் துவைப்பில் சுருங்கும், என்னுடையது அரை அங்குலம் சுருங்கியது. நனைந்திருக்கும்போது அதன் நூலுக்கு வலு குறைவு, முறுக்கிப் பிழிந்தால் கெட்டுவிடும். அறையில் துவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி நீரெடுத்து, உலரப் போட்டேன். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்று நினைக்கிறேன். அந்த ஒரு பயணத்துக்கு அதைவிடச் சிறந்தது எதுவும் இருந்திருக்க முடியாது.

திரும்பும் வழியில் விமான நிலையத்தில் கிரேப் அபாயாவுக்கு மாறியிருந்தேன், அதன் நீளம் 54. நகரும் படிக்கட்டில் இறங்கிய கடைசி நொடியில் விளிம்பு பல்லுக்குள் போய்விட்டது. பின்னால் நின்ற ஒரு பெண் என் தோளைப் பிடித்து நிறுத்தினார், அவர் கூட வந்தவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஒரு சாண் துணி கிழிந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நகரும் படிக்கட்டில் ஏறுவதற்கு முன்பே முன்னும் பின்னும் துணியைத் தூக்கிப் பிடியுங்கள், இறங்கும் இடத்தில் கவனமாகத் தாண்டி வையுங்கள். குழந்தை கையில் இருந்தால் மின்தூக்கியில் போங்கள்.

துவைப்பதைப் பற்றிச் சுருக்கமாக: உள்பக்கத்தைத் திருப்பி, குளிர்ந்த நீரில், நிழலில் உலர்த்துங்கள். கறுப்பை நேர் வெயிலில் போட்டால் தோள்பட்டை முதலில் செம்பட்டையாகும். இஸ்திரியும் உள்பக்கம், குறைந்த சூட்டில். மேல்பக்கம் சூடாகத் தேய்த்தால் வரும் பளபளப்பு பிறகு போகவே போகாது.

இனி உம்மாவின் அபாயா.

வாப்பா மவ்த்தான பிறகு உம்மா, கணவரை இழந்த பெண் காத்திருக்கும் இத்தா இருந்தார், நான்கு மாதமும் பத்து நாளும். வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டும், அதுதான் சட்டம், வெள்ளையே வேண்டும் என்று நிபந்தனை இல்லை என்று மார்க்கம் கற்ற எங்கள் ஹஸ்ரத் சொன்னார். உம்மாவுக்கு வெள்ளை உடுத்தப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது என்றார். அதனால் மங்கிய சாம்பல் நிறத்தில் இரண்டு நீள அங்கி தைத்துக் கொடுத்தேன். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோதுதான் உம்மாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. தலை வழியாக மாட்டும் உடையை அவர் எத்தனை மாதமாக வலியோடு மாட்டியிருக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மருத்துவமனைக்கென்று வீட்டைவிட்டு வெளியே போகும்போது கடையில் வாங்கிய மூடிய அபாயாவைத்தான் அவருக்கு நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தோம்.

இத்தா முடிந்ததும் அவருக்கென்று ஒரு அபாயா தைத்தேன். முன்பக்கம் கழுத்திலிருந்து கீழ் வரை முழுவதும் திறக்கும். பட்டன் கிடையாது. விரல் நடுங்குவதால் அகலமான ஒட்டுப்பட்டி வைத்தேன், அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் பிரியும். துணி அடர்த்தியான கேம்ப்ரிக் பருத்தி. வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினேன், பிறகு சுருங்கக் கூடாதே. கைக்குழி வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் பெரியது. நீளம் கணுக்காலுக்கு மேலே நிற்கும், தடுக்கி விழும் பயம் இல்லை, அதற்குக் கீழே பருத்திப் பேண்ட். வலது பக்கம் கண்ணாடிக்கு ஒரு பை, இடது பக்கம் தஸ்பீஹ் மணிமாலைக்கு ஒரு பை. கடையில் வயதானவர்களுக்கென்று இப்படி ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை. இளம் பெண்களுக்கு நூறு மாதிரி தைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். தோள்வலியும் முழங்கால்வலியும் உள்ள எத்தனை உம்மாக்கள் யாராவது வந்து மாட்டிவிடும் வரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்!

எட்டு மாதமாக உம்மா அதைத்தான் போடுகிறார். ஒட்டுப்பட்டியில் நூல் சிக்கிப் பிடிப்பு குறைந்துவிட்டது, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறேன். துவைக்கும்போது பட்டியை ஒட்டிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கூடப் போட்ட துணியைப் பிடித்து இழுத்துவிடும். வேறு குறை எதுவும் அவர் சொல்லவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு மாமியைப் பார்க்கத் தானாகவே உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டார், நான் வந்து பார்த்தபோது வீட்டில் இல்லை. திரும்பி வந்ததும், "இதே மாதிரி இன்னொண்ணு தச்சுத் தா புள்ள" என்றார். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். வாப்பா போன பிறகு நிறம் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கத்தரிப்பூ நிறம் என்றார்.